ஆர்மண்ட் திபோவின் நாற்காலி மெத்தை

ஆர்மண்ட் திபோ தேர்தலில் நிற்கவே இல்லை. இருந்தும் ஜெயித்துவிட்டார். மேல் டோரிங்கம் ஊர்க் குப்பைக்கிடங்கில், காலி பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றபோதுதான் அவருக்கே அது தெரியவந்தது.

"வாழ்த்துகள்ப்பா ஆர்மண்ட்!" என்றார் ஹாலிஸ். குப்பைக்கிடங்குக்குப் பொறுப்பாளர் அவர். எங்கள் ஊரில் செய்தித்தாளும் அவர்தான்.

"எதுக்கு வாழ்த்து?"

"நேத்து உட்கட்சித் தேர்தல்ல உன்னையே நிறுத்திட்டோம்ல."

"நான் மனுவே போடலையே ஹாலிஸ்!"

"தெரியும்ப்பா. சீட்டுல நம்ம ஊர் ஆள் பேர் இருக்க வேண்டிய இடம் வெறுமனே கெடந்துச்சு. பாவம், மறந்துட்டான் போலிருக்குன்னு ஆளாளுக்கு உன் பேரை எழுதிப் போட்டுட்டோம். நன்றியெல்லாம் வேணாம்."

ஆர்மண்டின் கை நழுவிப் பெட்டி மொத்தமும் வெள்ளைக் கண்ணாடி பாட்டில்களுக்கான தொட்டிக்குள் கவிழ்ந்தது.

"யோவ், அதுல பச்சை பாட்டிலும் இருக்குய்யா! சட்டம் போடுற ஆளே இப்படிப் பண்ணா எப்படி?"

உண்மையில் ஆர்மண்ட் எதையும் மறக்கவில்லை. ஜூன் மாதம் மனுப் போடும் நாட்களில் அவர் வேண்டுமென்றே ஏரிக்கரையில் போய் ஒளிந்துகொண்டிருந்தார். எட்டு தடவை ஜெயித்து, பதினாறு வருடம் மாநிலத் தலைநகர் கான்கார்டில் இருக்கும் சட்டமன்றத்தில் உட்கார்ந்தாயிற்று. போதும் என்று தோன்றிவிட்டது. 'வேண்டாம்' என்று வாய் திறந்து சொல்வதற்குப் பதிலாக ஒளிந்துகொண்டார். ஏனென்றால் எதிரே ஒரு முகம் இருந்தால் ஆர்மண்டுக்கு 'மாட்டேன்' என்ற சொல் தொண்டையைத் தாண்டி வராது.

அவருடைய தேர்தல் வரலாறே அப்படித்தான். முதல் முறை ஊர்க்கூட்டத்தில் 'யார் நிற்பது' என்ற பேச்சு வந்தபோது, அவர் கார் விளக்கை அணைக்க வெளியே போயிருந்தார். திரும்பி வந்தால் எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாம் முறை எதிர்த்து நின்ற பல் மருத்துவர், ஆர்மண்ட் தன்னிடமே கடைவாய்ப் பல் பிடுங்க வந்து உட்கார்ந்ததும் மனம் இளகி விலகிக்கொண்டார். மூன்றாம் முறை எதிரி சொந்தச் சித்தப்பா மகன் ரோஸேர். ஓட்டு சமமாக வந்து, சீட்டுக் குலுக்கியதில் ஆர்மண்ட் பெயர் வந்தது. ரோஸேர் தப்பித்த நன்றிக்கு அன்று மாலையே மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார். அதன் பிறகு எதிர்த்து நிற்க ஆளே கிடைக்கவில்லை. நானூறு பேர் உட்காரும் சட்டமன்றத்தை வைத்துக்கொண்டு, பெட்ரோலுக்குக்கூடக் காணாத சம்பளம் கொடுத்தால் எங்கள் நியூ ஹாம்ப்ஷயரில் வேறு என்ன நடக்கும்?

சாதனை என்று கேட்டால், ஒரே ஒரு மசோதா கொண்டுவந்தார். ஏரிப் பனி உருகிய பிறகும் மீன்பிடிக் குடிசையை எடுக்காமல் விடுகிறவர்களை இன்னும் கொஞ்சம் மரியாதையாகக் கண்டிக்க வேண்டும் என்பது அது. அது இன்னும் குழுவின் பரிசீலனையில் இருக்கிறது. மற்றபடி, சட்டமன்ற நாற்காலி கட்டை மாதிரி இருக்கிறதென்று லூசில் ஒரு பழைய கம்பளியில் அவருக்கு ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தாள். பதினாறு வருடமும் அதன் மேல்தான் உட்கார்ந்தார். அது அப்பளமாகிவிட்டது.

லூசில் அவர் மனைவி. இந்த முறை நிற்கக்கூடாது என்று அவர் முடிவெடுத்ததே அவளால்தான்.

மார்ச் மாதம் மேப்பிள் மரங்களில் சாறு இறங்கும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் அதை ஊற்றிக் காய்ச்சிக் காய்ச்சிப் பாகாக்க வேண்டும். அதே மார்ச்சில்தான் சட்டமன்றமும் கூடும். அதனால் பதினாறு மார்ச்சும் லூசில் ஒருத்தியேதான் விறகு தள்ளி, நுரை எடுத்து, பதம் பார்த்து நின்றாள். ஆர்மண்ட் தினமும் கான்கார்டிலிருந்து போன் போடுவார். "நீ குடுத்து வச்சவ லூசில். கதகதன்னு அடுப்பு, பக்கத்துல நாற்காலி. அது ஓய்வு மாதிரி! நான் இங்க நானூறு பேர் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்" என்பார்.

போன மார்ச்சில் லூசில் கண்ணெல்லாம் புகையில் சிவந்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள்: "அடுத்த வருஷமும் நான் ஒருத்தியே இந்த அடுப்போட மல்லுக்கட்டணும்னா, வாணலையும் வித்துருவேன், கொட்டகையையும் பிரிச்சுருவேன். சொல்லிட்டேன்."

அந்தக் கொட்டகை ஆர்மண்டுக்கு உயிர். ஆவி பறக்கும் வாணலுக்குப் பக்கத்தில், காபியும் கையுமாக, லூசிலோடு உட்கார்ந்திருப்பதுதான் அவர் கண்ட ஒரே கனவு. அதற்குத்தான் ஹாலிஸும் ஊராரும் சேர்ந்து இப்போது வேட்டு வைத்திருந்தார்கள்.

குப்பைக்கிடங்கிலிருந்து நேரே ஊர் எழுத்தர் வினிஃப்ரெட் அம்மாளைப் பார்க்கப் போனார். அந்த அம்மாள் ஆர்மண்டுக்கு மூக்கு ஒழுகிய காலத்திலிருந்து அந்த நாற்காலியில் இருப்பவர்.

"எனக்கு வேணாம்னு எழுதிக் குடுக்கணும்மா."

"தாராளமா குடு. இந்தத் தாள்ல கையெழுத்துப் போடு. வெள்ளிக்கிழமை வரைக்கும் டயம் இருக்கு. ஆனா ஒண்ணு, நீ விலகினா எதிர்க்கட்சியில நிக்கிற அந்த டெக்ஸ்டர் க்ரோவெல் போட்டியே இல்லாம உள்ள போயிருவான். கீழ் டோரிங்கத்துக்காரன்."

கீழ் டோரிங்கம் என்ற பெயரை அந்த அம்மாள் சொன்ன விதத்தில், அங்கே மனிதர்கள் வாழ்கிறார்களா என்றே சந்தேகம் வந்துவிடும். இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே சட்டமன்ற இடம். நடுவில் ஒரு பாலம். அவ்வளவுதான் உறவு.

ஆர்மண்ட் பேனாவைத் திறந்தார். அதற்குள் பின்னால் நாய் லைசென்ஸ் வாங்க நின்றிருந்த நாலைந்து பேர், "ஆர்மண்ட்! எங்க மானத்தைக் காப்பாத்திட்டே!" என்று தோளில் தட்டினார்கள். ஒரு பெண்மணி சுடச்சுட ப்ளூபெர்ரி பழப் பலகாரத்தைக் கையில் திணித்தாள். பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி ராஜினாமா செய்வது? "நன்றி, நன்றி" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை, கூட்டம் இருக்காது என்று மத்தியானமாகப் பார்த்துப் போனார். கதவில் பூட்டுத் தொங்கியது. வெள்ளிக்கிழமை ஊர் அலுவலகம் திறப்பதே இல்லை. இது ஊரில் பூனைக்குட்டிக்குக்கூடத் தெரியும். ஆர்மண்டுக்குத் தெரியாது. அங்கே போக வேண்டிய வேலைக்கெல்லாம் இத்தனை வருடமும் லூசில்தானே போய்வந்தாள்.

"சரி, விலகத்தானே முடியலை. தோத்துருவோம்" என்று முடிவு செய்தார். தோற்பது சுலபம் என்று நினைத்தார், பாவம்.

அடுத்த நாளே பாலத்தைத் தாண்டி டெக்ஸ்டர் க்ரோவெல் வீட்டுக்குப் போனார். டெக்ஸ்டர் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். நல்லவர், கூச்ச சுபாவி. தன் பெயர் போட்ட தேர்தல் விளம்பரப் பலகைகளைக்கூட ஊருக்குள் நடுவதற்கு வெட்கப்பட்டுக் கோழிக்கொட்டிலில் அடுக்கி வைத்திருந்தார்.

"இதுல பாதியைக் குடு டெக்ஸ்டர். எங்க ஊர்ல நான் நட்டுத் தர்றேன்."

"நீயா? என் பலகையையா?"

"ஏன், உனக்கும் ஓட்டு விழணும்ல?"

ஆர்மண்ட் டெக்ஸ்டரின் பலகைகளைத் தன் வீட்டு வாசலில், கொட்டகை முன்னால், தபால் பெட்டி பக்கத்தில் எல்லாம் நட்டார். ஊர் கொதித்தெழும் என்று எதிர்பார்த்தார். புதன்கிழமை குப்பைக்கிடங்குக்குப் போனால் ஹாலிஸ் தொப்பியைக் கழற்றினார்.

"எதிராளியோட பலகையைச் சொந்த வாசல்ல வச்ச ஆளை நான் என் வாழ்க்கையில பார்த்ததில்லப்பா. இந்தக் காலத்துல இப்படி ஒரு பெரிய மனுஷன்! எம்பொண்டாட்டி உனக்கு ஓட்டுப் போட மாட்டேன்னு இருந்தா, அவளே மனசு மாறிட்டா."

"ஐயய்யோ."

"என்ன?"

"ஒண்ணுமில்லை. அவங்களுக்கு என் நன்றியைச் சொல்லு."

வார இறுதியில் அந்த வட்டாரச் செய்தித்தாளில் படத்தோடு வந்தது. அதைவிட மோசமாக, டெக்ஸ்டர் தழுதழுத்த குரலில் கொடுத்த பேட்டியும் வந்தது. 'இவ்வளவு நல்லவரை எதிர்த்து நிற்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. என் ஓட்டு ஆர்மண்டுக்குத்தான். என் மனைவி ஓட்டும்தான்.'

ஆர்மண்ட் அதைச் சமையலறை மேஜையில் வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். போன் அடித்தது. லூசில் எடுத்தாள்.

"ம்... சொல்லுங்க... பாலத்துப் பக்கத்துல பள்ளமா? நான் போன வாரமே ரோட்டு இலாகாவுக்குச் சொல்லிட்டேன், திங்கக்கிழமை வந்துருவாங்க... உங்க அம்மாவோட மருந்துச் சலுகை? அந்தக் காகிதம் வந்துருச்சு, நாளைக்குக் கொண்டாந்து தர்றேன்... அவரா? அவர் வேலையா இருக்கார்." போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "என்ன வேலைன்னு கேட்டா என்ன சொல்றது?"

"தோக்கறதுக்கு வழி தேடிட்டிருக்கேன்னு சொல்லு."

"அதுல கூடவா உனக்கு ஒருத்தர் ஒத்தாசை வேணும்?" என்று கேட்டுவிட்டு லூசில் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

ஆனால் ஆர்மண்டுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பொய், நாடகம், பலகை எதுவும் வேண்டாம். உண்மையைச் சொல்லிவிட்டால் போதும். உண்மை அவ்வளவு கேவலமாக இருந்தது.

தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை மாதா கோயில் கூடத்தில் மொச்சை விருந்து. வெல்லப்பாகில் வெந்த மொச்சையும், பழுப்பு ரொட்டியும், வேட்பாளர்களின் பேச்சும் எங்கள் ஊரில் சேர்ந்தேதான் பரிமாறப்படும். டெக்ஸ்டர் எழுந்து, "ஆர்மண்டைப் பத்தி நான் என்ன சொல்ல!" என்று ஆரம்பித்துக் கண்கலங்கி உட்கார்ந்துவிட்டார். ஆர்மண்ட் எழுந்தார்.

"இந்தப் பதினாறு வருஷத்துல நான் உங்களுக்கு ஒண்ணுமே பண்ணலை" என்றார்.

சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. "தன்னடக்கம்!" என்றது ஒரு குரல்.

"தன்னடக்கமில்லய்யா, உண்மை! ஹாலிஸ், உன் தம்பியோட ஓய்வூதியம் நின்னு போனப்ப யாரு சரி பண்ணா?"

"நீதான்... இல்ல, போன்ல லூசில்தானே பேசுச்சு?"

"ஸ்கூல் பஸ் மலை ரோட்டுல வரமாட்டேன்னப்ப யாரு போய்ச் சண்டை போட்டா? பாலத்துக்குப் புது மரப்பலகை யாரு வாங்கிக் குடுத்தா? லூசில்! மசோதாவைப் படிச்சுட்டு எதுக்குக் கை தூக்கணும்னு எனக்குச் சொல்லி அனுப்பறது யாரு? அதுவும் லூசில்! நான் அங்க மெத்தையைப் போட்டுத் தூங்கினேன். ஒரு தடவை குறட்டை விட்டதுக்கு அவைத்தலைவர் சுத்தியலால தட்டினார். ஆதரவா எதிர்ப்பான்னு கேக்கறார்னு நினைச்சு ஆதரவுன்னு கத்திட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. மொச்சை பரிமாறிக்கொண்டிருந்த லூசிலின் கரண்டி பாதி வழியில் நின்றது. வினிஃப்ரெட் அம்மாள் ஆர்மண்டைப் பார்த்தார், பிறகு லூசிலைப் பார்த்தார், பிறகு ரொட்டியில் வெண்ணெய் தடவ ஆரம்பித்தார்.

"அதனால என்னை விட்ருங்க" என்று முடித்து ஆர்மண்ட் உட்கார்ந்தார். இந்த முறை யாரும் தோளில் தட்டவில்லை. அவருக்கு அன்றைக்குத்தான் மொச்சை ருசித்தது.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியில் லூசில் கேட்டாள்.

"அங்க சொன்னதெல்லாம் மனசார சொன்னியா?"

"ஒரு வார்த்தை விடாம."

"சபையில வச்சு அதை நீ ஒரு நாளும் சொன்னதில்லை."

"இப்ப சொல்லிட்டேன்ல. கோவமா?"

"கோவமில்லை" என்றாள் லூசில். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. இதை எப்போதோ சொல்லியிருக்க வேண்டும் என்று ஆர்மண்டுக்குத் தோன்றியது.

தேர்தல் நாளன்று பள்ளிக்கூட வாசலில், குளிரில், டோனட்டைக் கடித்துக்கொண்டு ஆர்மண்ட் டெக்ஸ்டரின் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டெக்ஸ்டர் பக்கத்தில் ஆர்மண்டின் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வந்தவர்கள் இருவரையும் பார்த்துப் புன்னகைத்துவிட்டு உள்ளே போனார்கள். உள்ளே அன்றைக்கு ஒவ்வொருவரும் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். வரிசை வாசலைத் தாண்டியது. லூசில் தேவாலயத்துக்குப் போடும் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, எல்லோருக்கும் காபி ஊற்றினாள். ஆர்மண்டுக்கு இரண்டாவது கோப்பையும் கொடுத்தாள்.

ஓட்டுப்பதிவு முடிந்து இயந்திரம் கணக்கைத் துப்பியது. கீழ் டோரிங்கத்துக் கணக்கும் போனில் வந்து சேர்ந்தது. வினிஃப்ரெட் அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"டெக்ஸ்டர் க்ரோவெல், தொண்ணூத்தி நாலு. ஆர்மண்ட் திபோ, மூணு."

"மூணா?" ஆர்மண்டுக்குக் காதில் தேன் பாய்ந்தது. "நல்லாப் பாத்தீங்களா? முப்பது இல்லையே?"

"மூணுதான். நீ போட்டது உனக்கேவா?"

"சேச்சே, டெக்ஸ்டருக்கு!"

பதினாறு வருடப் பாரம் தோளிலிருந்து இறங்கியது போல் இருந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. டெக்ஸ்டரைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்துவிட்டார். "நீ நல்லா இருக்கணும்யா! அங்க நாற்காலி கட்டையா இருக்கும், பாத்துக்கோ!"

"இரு ஆர்மண்ட், கையால எழுதிப் போட்டதை இன்னும்..." என்று வினிஃப்ரெட் அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆர்மண்ட் அதற்குள் கதவைத் தாண்டிவிட்டார். லூசில் வினிஃப்ரெட் அம்மாளோடு வருவதாகத் தலையசைத்தாள்.

அவர் நேரே கொட்டகைக்குப் போனார். வாணலைக் கழுவித் துடைத்தார். அடுப்புக்கு முன்னால் இரண்டு நாற்காலிகளை அருகருகே போட்டு, சரியாக இருக்கிறதா என்று ஒன்றில் உட்கார்ந்து பார்த்து, பக்கத்து நாற்காலியைத் தட்டிக் கொடுத்தார். பிறகு போய்ப் படுத்தவர், லூசில் வந்தது கூடத் தெரியாமல், சட்டமன்றத்தில் இத்தனை வருடம் தூங்கியதைவிட நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் அவள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பாமல், அந்த அப்பள மெத்தையை அக்குளில் இடுக்கிக்கொண்டு குப்பைக்கிடங்குக்குக் கிளம்பினார். ஹாலிஸ் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஹாலிஸ்! தோத்துட்டேன்யா!"

"தெரியும்ப்பா. முகத்துல கல்யாணக் களை தெரியுதே."

"பின்னே? மார்ச் மாசம் பாகு காய்ச்சப் போறேன். நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கிட்டு. இந்தா, இந்தச் சனியனை எந்தத் தொட்டியில போடறது?"

ஹாலிஸ் பாய்ந்து வந்து மெத்தையைப் பிடுங்கிக்கொண்டார். தூசியைத் தட்டினார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"தூக்கிப் போட்டுறாதப்பா, கையால எழுதிப் போட்ட ஓட்டையெல்லாம் எண்ணி முடிச்சதுமே லூசில் சொல்லி வச்சுருச்சு, புது பஞ்சு வச்சுத் தச்சா ஜனவரியில கான்கார்டுல தனக்கு உக்கார ஆகுமாம். அப்போ மார்ச்ல பாகு யார் காய்ச்சறதுன்னு நாங்க கேட்டதுக்கு, 'ஆர்மண்ட்தான், அது ஓய்வு மாதிரின்னு பதினாறு வருஷமா சொல்லிட்டிருக்காரே, பாவம், நல்லா ஓய்வெடுக்கட்டும்'னுச்சு."